பொருக்குப் புத்தகம்

ஊற்றுக் குளியல் விடுதிக்கு நூற்றிருபது வயது நிறைகிறதாம். அதற்காக ஒரு மலர் போடுகிறார்களாம். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, என் அண்ணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார். நல்ல விதமாக இருக்கட்டும் என்றார். நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை, வாசற்கதவைத் திறக்கும்போது ஒரு தடவை என்று அந்த "நல்ல விதமா"வை மூன்று முறை சொன்னார். ஒரே சொல்லை மூன்று முறை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அண்ணியோடு இருபத்தெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள் நான். அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அரைப் பக்கத்துக்குள் மடித்து வைக்கிற ஆள் இல்லை அவள். அதனால் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் அவர்கள் தலையெழுத்து.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விடுதியின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். பெண்கள் குளியலறைக்குப் பின்னால் நீளமாக ஒரு கூடம், அதில் எட்டுத் தொட்டி, வெளியே கொடிக்கம்பி. குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தோடு வீசிவிட்டுப் போகும் துண்டெல்லாம் என் கைக்குத்தான் வரும். என் அண்ணன் ஆண்கள் பக்கத்து வாசலில் சீட்டுக் கிழிக்கிறவன். அண்ணி அவன் மனைவி. விடுதியில் பொருக்குச் சுரண்டுவது அவள் வேலை.

பொருக்கு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊற்றுத் தண்ணீர் சூடாக வரும், தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாடையோடு வரும். வந்த வழியெல்லாம் துருவும் சுண்ணாம்பும் கலந்து செங்கல் நிறத்தில் படிந்துகொண்டே போகும். ஆறுகிற புண்ணின் மேல் கட்டுமே, அந்த மாதிரி. அப்படியே விட்டால் ஒரே வருடத்தில் குழாயின் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் நாற்பது நாளைக்கு ஒருமுறை ஏழு குழாய் வாயையும் உளியாலும் கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டுவதற்கு முன் அதன் கனத்தைப் பித்தளை அளவுகோலால் அளந்து, பொருக்குப் புத்தகம் என்ற தடித்த புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்பதுதான் விடுதியின் உண்மையான வரலாறு. ஆனால் முன்கூடத்தில் மாட்டியிருக்கும் பலகையில் அது இருக்காது. அங்கே காயம்பட்ட மான் ஒன்று வந்து ஊற்றில் காலை நனைத்ததாகவும், குணமாகித் துள்ளி ஓடியதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த வெந்நீர் ஊற்றுக்குப் போனாலும் ஒரு மான் நொண்டிக்கொண்டு வந்துவிடும். அண்ணி அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம், "அந்த மானைப் பாத்தவன் யாரு, அவன் பேரு ஏன் போடல?" என்று கேட்பாள். நிஜத்தில் கல் உடைக்க வந்த கூலிக்காரர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கால் கழுவ நல்ல தண்ணீர் என்று கழுவிக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர் பார்த்தார், கதவு போட்டார், சீட்டு விற்க ஆரம்பித்தார். ஊற்று வற்றிய நாட்களில் அண்டாவில் காய்ச்சி ஊற்றியும் சீட்டு விற்றாராம். பிறகு ஒரு மருத்துவர் வந்து அதை வாங்கிக் கட்டடம் எழுப்பினார். முந்தின ஆளின் அண்டா வித்தை அவர் மனதில் முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். ஊர் மன்றத்தோடு எழுதிய பத்திரத்தில் இரண்டு நிபந்தனை போட்டார். வாரத்தில் ஒரு நாள் ஊர்க்காரர்கள் சும்மா குளிக்கலாம். பொருக்குப் புத்தகத்தில் பொருக்கு இருக்கிற வரைக்கும்தான் வாசலில் ஊற்று என்ற சொல் இருக்கலாம். தண்ணீரை எவன் வேண்டுமானாலும் காய்ச்சலாம், பொருக்கை எவனாலும் காய்ச்ச முடியாது என்பது அவர் எண்ணம்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தது. கண்ணாடி வராந்தா வந்தது, வாத்தியக் குழு வந்தது, பெரிய மனிதர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கினார்கள். குணமாகிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன ஊன்றுகோல்கள் என்று பதினேழை வரிசையாகச் சுவரில் மாட்டி வைத்தார்கள், இன்றைக்கும் இருக்கிறது. அண்ணி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "எல்லாம் ஒரே அளவா இருக்கே. வந்த நொண்டிங்க எல்லாருமே ஒரே உயரமா?" என்று கேட்டாளாம். அவன் பிறந்ததிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்தவன். ஒரு நாளும் அது தோன்றவில்லை அவனுக்கு.

அவள் குணம் அது. ஊரில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். பால் வந்தால் முகர்வாள், ரொட்டியை வெட்டி உள்ளே பார்த்துவிட்டு முகர்வாள், டாக்டர் கொடுத்த மருந்தை மூடி திறந்து முகர்வாள். என்னைக் கேட்டு மூன்று வரன் வந்தது. மூன்றையும் அவள்தான் தட்டிக் கழித்தாள். மூன்றாவது ஆள் மருந்துக்கடையில் வேலை என்று சொன்னான், பார்க்கவும் லட்சணமாக இருந்தான். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவன் கைப்பக்கம் குனிந்துவிட்டு உள்ளே வந்து, "மருந்து வாடையே இல்ல, வேண்டாம்" என்றாள். நான் அன்றைக்கு அவளோடு சண்டை போட்டேன். ஒரு மாதத்தில் தெரிந்தது, அவனுக்கு வேறு ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஒரே ஒருத்தி கொடுப்பதை மட்டும் அவள் முகர்ந்ததில்லை. அது நான். காலையில் நான்தான் தேநீர் போடுவேன். மூன்று கோப்பை ஊற்றி அவள் கையில் ஒன்றைக் கொடுத்தால், ஜன்னலைப் பார்த்தபடியே வாங்கி ஒரே இழுப்பாகக் குடிப்பாள். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சுரண்டுகிற வேலைக்கு அவள் வந்ததும் மோப்பத்தால்தான். கல்யாணமாகி வந்த வாரம் ஊர்க்காரர்கள் குளிக்கிற நாளில் குளிக்கப் போனவள், குழாய் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறாள். சுவரில் தொங்கிய புத்தகத்தில் நேற்றுச் சுரண்டியதாகக் கையெழுத்து இருந்தது. விரலில் ஒரு மாதப் பொருக்கு வந்தது. ஈரத் தலையோடு நேரே அலுவலகத்துக்குப் போய் மேசை மேல் அதை வைத்துவிட்டாள். பழைய ஆளை அனுப்பிவிட்டு அவளையே வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பதினான்கு வருடம் அளக்காமல் ஒரு எண்ணை அவள் எழுதியதில்லை. காய்ச்சலாகப் படுத்திருந்தபோதுகூட அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து அளந்துவிட்டுப் போனாள். கையெழுத்தைப் போட்ட பிறகு மை காயும் வரை புத்தகத்தை மூட விடமாட்டாள்.

அண்ணனுடைய கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே அவனுக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்துவிட்டன. தினமும் ஊற்றுத் தண்ணீரில் அரை மணி நேரம் கையை வைத்தால் தாக்குப் பிடிக்கும், விட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடுதியை மூடியதும் பணியாளர் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் அண்ணி உளியைத் தீட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் பாதி அந்தத் தொட்டிக் கரையில்தான் நடந்தது.

பதினாலாவது வருடம் மலையில் புதுச் சாலைக்காகப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டு மாதம் சலவைக்கூடத்து ஓடெல்லாம் ஆடியது. அது முடிந்து அண்ணி அளந்தபோது, வழக்கமாக நகக்கனம் இருக்கும் பொருக்கு காகிதக் கனமாக இருந்தது. அடுத்த நாற்பது நாளில் ஒன்றுமே இல்லை. குழாய் வாய் பளபளவென்று இருந்தது.

முதலில் அளவுகோலைச் சந்தேகப்பட்டாள். அப்புறம் தன் கண்ணை. அப்புறம் வேலையைப் பிடுங்கத் தனக்கு முன்னால் யாரோ வந்து சுரண்டிவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்து, குழாய்க்கு அடியில் மாவைத் தூவி வைத்துக் காலடித் தடம் பார்த்தாள். தடம் இல்லை. கடைசியில் குழாய் திரும்புகிற இடத்தில் மாட்டும் எல்போ ஒன்று புதிதாக வாங்கி, கம்பியில் கட்டித் தண்ணீர் விழுகிற இடத்தில் யாருக்கும் தெரியாமல் தொங்கவிட்டாள். நாற்பது நாள் கழித்து எடுத்தால் கடையில் வாங்கியபடியே இருந்தது. ஊற்றுக்கண் இருக்கிற கல் அறைக்குப் போனாள். அங்கே புதுப் பூட்டு தொங்கியது, சாவி மேனேஜரிடம்.

மேனேஜர் அறையில் அன்று நடந்தது எனக்கு ஆறு வருடம் கழித்துத்தான் தெரியும். அவரிடம் எல்போவைக் காட்டியிருக்கிறாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

"ஊத்து செத்துப்போச்சும்மா. வெடி வெச்சதுல எங்கயோ திரும்பிடுச்சு. இப்ப வர்றது குழாய்த் தண்ணி, பாய்லர்ல காய்ச்சி விடுறோம், வாடைக்குக் குளியலறை மூலையில கந்தகம் வெக்கிறோம். வெளிய தெரிஞ்சா நாளைக்கே கதவை மூடணும். நாப்பது குடும்பம். உங்க வீட்டுலயே மூணு பேரு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?"

ஊற்றுக்கண்ணைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம். மேற்கூரை தொங்குகிறது, ஆபத்து என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்த இடத்தில் அவளுக்கு மூக்கு வியர்த்திருக்கும். ஆனால் ஒரு ஆண்பிள்ளை கண்ணீர் விட்டு அவள் அதற்கு முன் பார்த்ததில்லை, அதை அளக்க அவளிடம் அளவுகோல் இல்லை. ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம், புதிதாகத் துளை போட்டு ஊற்றைப் பிடித்துவிடுவோம், அதுவரை புத்தகத்தில் பழைய எண்ணையே எழுதுங்கள் என்று கெஞ்சினார். எழுதினாள்.

எனக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை, அவன் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன். பால்காரர் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார், அவள் முகராமல் அடுப்பில் ஏற்றினாள். ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தாள். மருந்தை மூடி திறந்ததும் விழுங்கினாள். ஊரில் மோப்பம் திருந்திவிட்டாள் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

அந்த ஆறு வருடம்தான் என் சலவைக்கூடத்துக்குப் பொற்காலம். ஊற்றுத் தண்ணீரில் துடைத்த துண்டு என்ன துவைத்தாலும் மஞ்சள் அடிக்கும், காய்ந்தால் அட்டை மாதிரி விறைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டியவள். திடீரென்று துண்டெல்லாம் பால் வெள்ளையாக வர ஆரம்பித்தது. அதே சமயத்தில் புது சோப்பு வந்திருந்தது. புது சோப்பால்தான் என்றேன், எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மேனேஜர் பணியாளர் கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்து, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார், சலவைக்கூடத்துக்கே என்னைத் தலைமை ஆக்கினார். என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

அண்ணனுடைய கை மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. முன்பெல்லாம் தொட்டியிலிருந்து எடுத்தால் விரல் விரியும், இப்போது சூடு ஏறுகிறதே தவிர ஒன்றும் ஆகவில்லை, வயசாகிறது போல என்பான். அண்ணி உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். சுரண்ட ஒன்றுமில்லாத உளியை ஏன் தீட்டுகிறாள் என்று நானும் கேட்கவில்லை. ஐந்தாவது வருடம் அவன் வலது கை விரல் நான்கும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கி அப்படியே நின்றுவிட்டது. சீட்டுக் கிழிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்தான். தினமும் காலையில் அவன் சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிடுவாள். அப்போது அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இதற்கிடையில் மலை மேல், புதுச் சாலையின் முடிவில், விடுதிக்காரர்களே ஒரு பெரிய ஓட்டல் கட்டியிருந்தார்கள். எங்கள் வாசலிலிருந்து நானூறு படி. வேலைக்கு எல்லோரும் வெளியூர் ஆட்கள். அங்கே வெறும் தங்கும் அறைகள்தான், குளிக்கக் கீழேதான் வருவார்கள் என்று சொன்னார்கள். ஒருத்தரும் கீழே வந்ததில்லை. கார்கள் மேலே போகும், மேலேயே இருக்கும், அப்படியே திரும்பிப் போகும். ஊரில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

ஆறாவது வருடம், தண்ணீரையும் புத்தகத்தையும் சோதிக்கிற ஆய்வாளர் வருவதற்குப் பத்து நாள் முன்பு, மேலே சலவை இயந்திரம் பழுதாகிவிட்டது. மேனேஜர் அன்றைக்கு ஊரில் இல்லை. யாரோ ஒரு அவசரக்குடுக்கை பதினாறு மூட்டைத் துணியை வண்டியில் ஏற்றி என் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். முதல் மூட்டையை அவிழ்த்தேன். துண்டுகள் மஞ்சளாக, அட்டையாக, ஓரமெல்லாம் செங்கல் தூள் அப்பியபடி இருந்தன. முகத்தருகே கொண்டுபோகவே வேண்டாம், தீக்குச்சி வாடை கூடம் முழுக்கக் கிளம்பியது.

ஒன்றை மடித்து முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணியின் மடியில் போட்டேன். அவள் அதைத் தொட்டாள், ஓரத்தை நகத்தால் கீறினாள், பிறகு ஆறு வருடத்தில் முதல் தடவையாக முகர்ந்தாள். எங்கிருந்து என்று கேட்டாள். சொன்னேன். அப்போதுதான் மேனேஜர் அறையில் நடந்ததை எனக்குச் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு உளிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நானூறு படியையும் ஏறி, குழாய் பார்க்க வந்தவள் என்று காவலாளியிடம் சொல்லி உள்ளே போயிருக்கிறாள். உளிப் பையைப் பார்த்துவிட்டு அவனும் விட்டுவிட்டான். அறைக்கு அறை தனித் தொட்டி, எல்லாவற்றிலும் ஊற்று. ஊற்று சாகவில்லை. வெடிச் சத்தத்தின் மறைவில் குழாய் பதித்து மேலே இழுத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்துக்கும் தண்ணீர் போதாது, கீழே குளிக்கிறவர்களுக்கு எது ஊற்று எது பாய்லர் என்று என்ன தெரியப்போகிறது என்பது அவர்கள் நினைப்பு. தெரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தியையும் அழுது காட்டி மடக்கியாகிவிட்டது. அண்ணி ஒரு குழாய் வாயைச் சுரண்டி, கை நிறையப் பொருக்கோடு இறங்கி வந்தாள். படியிறங்கி வரும்போது அவள் அழுதிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"செத்துப்போனதுன்னு நெனச்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "இல்லாத தண்ணிக்கு நான் என்ன பண்ண முடியும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நானூறு படிதான். தூக்கிட்டுப் போயிருந்தாகூட அவர் கையை நனைச்சிருக்கலாம்."

ஆய்வாளர் வருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் சரியாகச் சமைக்கவில்லை. அவள் சொன்னால் முதலில் மாட்டப்போவது அவள்தான், ஆறு வருடமும் கையெழுத்து அவளுடையது. சொல்லாவிட்டால் ஏழாவது வருடமும் எழுத வேண்டும், அண்ணனுடைய இடது கையும் மடங்குவதைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டும். அண்ணனுக்கு இன்னும் தெரியாது. அவன் இடது கையால் வானொலியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பயந்தேன். வேண்டாம் அண்ணி, வேறு வழி பார்க்கலாம் என்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வாளர் வருடா வருடம் வருகிறவர். கறுப்புப் பை, தடித்த கண்ணாடி. பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார், எந்தத் தண்ணீர் என்பது மேனேஜர் கையில் இருந்தது. புத்தகத்தைப் புரட்டுவார், முத்திரை குத்துவார், பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்றும் முத்திரையை மையில் ஒற்றிவிட்டார். அண்ணி உள்ளே போய் மேசை மேல் ஆறு எல்போவை வரிசையாக வைத்தாள். முதல் எல்போவோடு அவள் நிறுத்தவில்லை. செத்த ஊற்று ஒருவேளை திரும்பி வந்தால் தெரியட்டும் என்று வருடத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கிறாள். ஆறும் புதுசு மாதிரி இருந்தது. பக்கத்தில் பொருக்கை வைத்தாள். அதற்குப் பக்கத்தில் நான் துண்டை வைத்தேன், அதற்காகத்தான் என்னைக் கூட்டிப் போயிருந்தாள்.

மேனேஜருக்கு முகம் வெளுத்தது ஒரு நிமிடம்தான். "புத்தகம் எழுதுறது இந்தம்மா சார். கையெழுத்து இந்தம்மாது. நான் நம்பித்தானே இருந்தேன்?" என்றார். அன்றைக்கு அவர் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஆமா சார், என்னுதுதான்" என்றாள் அண்ணி. "ஆறு வருஷமும் பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, மொதல்ல மேல வந்து பாருங்க."

ஆய்வாளர் முத்திரையைக் கீழே வைத்தார். துண்டை எடுத்துப் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். கீழ் விடுதித் துண்டைத் தினமும் துவைக்கிறது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"ஆறு வருஷமா துவைக்கிறீங்க. உங்களுக்கு வித்தியாசம் தெரியலையா?"

"புது சோப்புன்னு நெனச்சேன் சார்" என்றேன்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், மலரில் வராது, அவ்வளவுதான். நாலு மாதத்தில் ஊற்று கீழே திரும்பியது. மேலே பாதி, கீழே பாதி என்று உத்தரவு. மேனேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றல், அதுவும் இதைவிடப் பெரிய விடுதிக்கு. அண்ணிக்கு வேலை போயிற்று. பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று பெயரோடு எழுதி முன்கூடத்தில், அந்த மான் பலகைக்குக் கீழே, ஒரு மாதம் ஒட்டி வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் குளிக்கப் போகும்போது அதைப் படித்துவிட்டுப் போனார்கள். அண்ணனை நான்தான் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். இடது கை தப்பித்தது. வலது கை திறக்கவில்லை. டாக்டர், நாலைந்து வருடம் முன்பு என்றால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். இன்றைக்கு அந்தச் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன். அண்ணி போய் இரண்டு வருடமாகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. ஆய்வாளர் வந்துபோன மறுநாள் காலை வழக்கம்போல மூன்று கோப்பை தேநீர் ஊற்றினேன். அண்ணி கையில் ஒன்றைக் கொடுத்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு குடித்தாள். அதன் பிறகு எட்டு வருடம், ஒரு காலை தவறாமல், நான் கொடுத்ததை முகர்ந்துவிட்டுத்தான் குடித்தாள். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, என்னோடு சிரித்துப் பேசினாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேள்வி மட்டும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் சத்தியம் செய்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

மேலே புது சோப்பு என்று எழுதியிருக்கிறேன் இல்லையா, அதை அடிக்காமல் விடுகிறேன். முப்பத்தொரு வருடம் துண்டு துவைத்தவளுக்கு, எந்தத் தண்ணீரில் நனைந்த துணி என்று கை சொல்லாதா? இரண்டாவது மாதமே தெரிந்தது. ஈரத் துண்டை முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. மறுநாள் மேனேஜர் கூடத்துக்கு வந்து, என்ன சோப்பு இது, இப்படி வெளுக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம், சோப்புதான் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிட, அந்த வெள்ளை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு மேடை, பத்திரம். அண்ணியிடம் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் இரண்டு பேருமாகப் பூட்டை உடைத்தாவது ஊற்றுக்கண்ணைப் பார்த்திருப்போம். என் கூடப் பிறந்தவன் கை அது. அவள் ஏமாந்து வாய் மூடினாள், நான் தெரிந்தே மூடினேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலை தூக்க முடியவில்லை. கையும் எழும்பவில்லை. காலையில் தேநீர் கொண்டுபோனேன். ஆறவைத்து, தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை, முதலில் மூக்கருகே பிடித்தேன். முகரட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். என் கண்ணில் என்ன இருந்ததோ, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள், நான் ஊட்டினேன்.